ரெண்டு கிராம் போட்டு ஆறு கிராம் எடுத்த கதை

குபேந்திரன் உண்மையை மறைக்கிறார். அவர் என் கணவர் என்பதால் இதைச் சும்மா விட முடியாது.

ஒவ்வொரு விசேஷத்திலும் அவர் சொல்லும் கதை இது. விழுப்புரத்தில் எம்.எஸ்சி. கடைசி வருடம். எனக்கும் அவருக்கும் ஒரே லேப் மேசை, வேறு வேறு புராஜெக்ட். மஞ்சளில் இருக்கும் குர்குமின், விஷமில்லாத பசுமைக் கரைப்பான்களில் எவ்வளவு கரைகிறது என்று அளப்பது என் வேலை. தூளைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, வடிந்ததைத் தட்டில் ஊற்றி ஓவனில் வைக்க வேண்டும். கரைப்பான் ஆவியாகிவிடும். தட்டில் மிஞ்சியதை எடை போட்டால் அதுதான் கரைந்த அளவு.

ஆல்கஹாலில் ஒழுங்காக வந்தது. அடுத்தது கிளிசரின். அதையும் அப்படியே ஓவனில் வைத்தேன். கிளிசரின் அந்தச் சூட்டுக்கெல்லாம் ஆவியாகாது, தட்டிலேயே நிற்கும். (இதைப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் இன்று திண்டிவனத்தில் சம்பளம் வாங்குகிறேன்.)

தட்டில் ஆறு கிராம் நின்றது. உலகத்திலேயே இவ்வளவு குர்குமினைக் கரைத்தவள் நான்தான் என்று நினைத்தேன். வெளியே அடைமழை. கிளிசரின் ஈரத்தை இழுத்து மறுநாள் எடை கொஞ்சம் ஏறியது. அதற்கும் சந்தோஷப்பட்டேன். லேப் அட்டெண்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எடை ஏறிக்கினே போவுது? தட்டுல ஆட்டுக்குட்டி வளக்கிறியா?"

"இது ஆராய்ச்சிங்க. உங்களுக்குப் புரியாது."

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியரிடம்தான் பிஎச்.டி. சேர நினைத்திருந்தேன். புதுச் சுடிதார் கசங்கக் கூடாதென்று திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

"எவ்ளோ குர்குமின் போட்டீங்க?"

"ரெண்டு கிராம் சார்."

"கரைஞ்சது?"

"ஆறு கிராம் சார்." (நிமிர்ந்துதான் சொன்னேன்.)

"மீதி நாலு கிராம் எந்த ஊர்லேர்ந்து வந்துச்சு?"

பிஎச்.டி. அங்கேயே ஆவியானது. கிளிசரின்தான் ஆகவில்லை.

இதுவரை குபேந்திரன் சொல்வதெல்லாம் நிஜம். குழம்பு மிஞ்சினால் போதும், என் மாமியார் "இன்னைக்குக் கிளிசரின்காரி ஆக்குனாளா?" என்பார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

போன வாரம் பரணை ஒழித்தபோது குபேந்திரனுடைய பழைய லேப் நோட்டு கிடைத்தது. வைவாவுக்கு மூன்று நாள் முன்னால் எழுதிய பக்கம்: "வெறும் கிளிசரினை ஓவனில் வைத்துப் பார்த்தேன். எடை குறையவில்லை. அவளிடம் சொல்ல வேண்டும்."

நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"சொல்லத்தான் வந்தேன். நீ வாயத் தொறக்க விட்டியா? 'என் தட்டுகிட்ட வராத, ஜல்தி நவுரு'ன்னு வெரட்டுன."

விரட்டியிருப்பேன். அந்த வாரம் எல்லோரையும் அப்படித்தான் விரட்டினேன், பிரின்சிபால் வந்திருந்தாலும் விரட்டியிருப்பேன். ஆனால் மூன்று நாள் இருந்தது. ஒரே மேசை. ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைக்கக் கை இல்லையா?

வரும் ஞாயிறு கிளியனூரில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் இவர் வழக்கம்போலக் கதையை ஆரம்பிப்பார். நோட்டு என் கைப்பையில் இருக்கும். அந்தப் பக்கத்தைச் சொந்தக்காரர்கள் முன்னால் எழுந்து நின்று உரக்கப் படிக்கட்டும். படித்துவிட்டு அங்கேயே பதில் சொல்லட்டும்: முதல் நாள் நான் விரட்டினேன், சரி. மிச்ச ரெண்டு நாள் ஏன் வாயை மூடிக்கினு இருந்தீங்க?