திட்டுக்குப் பாலம் இல்லை

பாலம் இல்லை என்பது தண்ணீர் விளிம்பில் பிரேக் போட்ட பிறகுதான் ராஜாங்கத்துக்குத் தெரிந்தது.

எதிரே கிள்ளை உப்பங்கழி. அதற்கு அப்பால், கடலை மறைத்தபடி நீளமாகப் படுத்துக் கிடந்தது மணல்திட்டு. ஆள் அரவமே இல்லை. அவர் தேடி வந்தது அதைத்தான். ஆனால் வேனோடு போவதாகத்தான் ஏற்பாடு.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அவர் சூப்பர்வைசர். சூளை எரிகிறது என்று சொல்லிச் சொல்லியே, பதினெட்டு வருஷமாக மனைவி அம்புஜவல்லியை எங்கும் அழைத்துப் போகாதவர். மாசி மகத்துக்கு மட்டும் அவள் ஸ்ரீமுஷ்ணத்துப் பிறந்த வீட்டாரோடு, ஊர்வலம் கிளம்பும் சாமி பின்னால் போய்விட்டு வருவாள். எதுவரைக்கும் என்று இவர் கேட்டதில்லை.

போன மாதம் டிபன் பாக்ஸுக்கு அடியில் அவள் விரித்து அனுப்பிய பத்திரிகைத் தாளில் ஒரு படம் பார்த்தார். வெள்ளைக்காரத் தம்பதி, படுக்கை போட்ட வேன், சைக்கிள், தீவு. ஜனம் இல்லாத கடலை இவளுக்குக் காட்டி, அவள் வாயால் ஒரு தடவை 'நல்லாருக்குது' என்று கேட்டுவிட வேண்டும் என்று அன்றே முடிவு கட்டினார். கம்பெனி வேனில், பீங்கான் சாமான் பேக்கிங்குக்கு வைத்திருந்த வைக்கோலைப் பரப்பி மெத்தை போட்டார். ஸ்டவ் வைத்தார். மேலே சைக்கிளைக் கட்டினார். இதற்குப் பெயர் 'கேம்பர்' என்று டீக்கடையில் ஒரு வாரம் வகுப்பெடுத்தார்.

"சைக்கிள வேணா ஏத்திக்கலாங்க. வேன ஏத்தினா படகு அதுக்கு அடியில போயிடும்," என்றார் படகுக்காரர் பக்கிரி. பிறகு அம்புஜவல்லியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். அவள் அவசரமாக ஆகாயத்தில் கொக்கு எண்ணினாள்.

கேம்பர் கரையிலேயே நின்றது. அரிசியும் ஸ்டவ்வும் அதிலேயே நின்றன. இரண்டு பேர் பாரம் தாங்க வேண்டுமே என்று ராஜாங்கம் டயரில் காற்றைக் கல்லாக அடித்தார். திட்டில் இறங்கி, மனைவியைக் கேரியரில் உட்கார வைத்து ஒரு மிதி மிதித்ததும் சக்கரம் பாதி மணலுக்குள் போயிற்று.

"ஏங்க, ஈர மணல் ஓரமா போனா அமுங்காது."

"உனக்கு என்ன தெரியும் அம்புஜம்? உப்புத் தண்ணி ரிம்ம தின்னுடும்."

ரிம்மைக் காப்பாற்ற மணல் மேட்டில் சைக்கிளை ஏற்றி, அங்கிருந்து வேகமாக இறங்கிக் காட்டினார். சைக்கிள் நின்றுவிட்டது, அவர் மட்டும் இறங்கினார். கணுக்கால் பிசகியது. தண்ணீர் கேன் உருண்டு போய் அலையில் சேர்ந்தது.

கடைசியில் அவரைக் கேரியரில் உட்கார வைத்து, அம்புஜவல்லி ஈர மணலில் மிதித்தாள். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. "நேரா பாரு, ஹேண்டில இறுக்காத," என்று ராஜாங்கம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். கால் மணி நேரத்தில் ஒரு பெண்பிள்ளைக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்துவிட்டோமே என்று அந்த வலியிலும் ஒரு நிறைவு.

திட்டில் இருந்த ஒரே குடிசை, வலை பின்னும் பூவாயியுடையது. யார், எவர் என்று கேட்காமலே அவள் தண்ணீர் கொடுத்தாள், காலுக்குப் பத்துப் போட்டாள், நண்டுக் குழம்பும் சோறும் போட்டாள். ராஜாங்கம் கை கூப்பினார். ஏனோ கண் கலங்கியது. வாசலுக்கு நேர் எதிரே கடல்.

"எப்படி இருக்குது அம்புஜம்?"

அவள் கடலைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "நல்லாருக்குதுங்க. இன்னிக்குத்தான் ரொம்ப நல்லாருக்குது."

பதினெட்டு வருஷம் வசூலாகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் பூவாயியிடம் திரும்பினார். "பாவம், கடலையே சரியா பாத்ததில்லம்மா இவ. நான்தான் கூட்டியாந்தேன்."

பூவாயி இன்னொரு கரண்டி குழம்பை அவர் தட்டில் ஊற்றினாள். "மாசி மகத்துக்குச் சாமி கிள்ளைக்கு வரப்பல்லாம் அக்காவும் படகேறி இங்க வந்து, என் சைக்கிள எடுத்துக்கினு திட்டு பூரா சுத்துவாங்க, 'எங்க வூட்டுக்காரர ஒரு தடவ இங்க இட்டாந்து காட்டணும் பூவாயி'ன்னு சொல்லிக்கினே இருந்தாங்க, இந்த வருஷம் எப்படியோ இட்டாந்துட்டாங்க பாருங்க."