தலைவரை எடை போட்ட எந்திரம்

ஒரு நாடு தன் தலைவரை எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரயில் நிலையத்தின் இரண்டாவது பிளாட்பாரத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில் நின்ற எடை எந்திரம் அந்த வேலையைப் பன்னிரண்டு விநாடியில் முடித்தது. வாக்குச்சாவடி கிடையாது, விரலில் மை கிடையாது. ஒரே ஒரு நாணயம்.

சம்பவம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பத்தொன்பது வயதில், வெளியூரில் குமாஸ்தா வேலையில் சேரக் கிளம்பிய தலைவர் எந்திரத்தில் ஏறி நின்றார். சக்கரம் சுற்றியது, பல்புகள் மினுக்கின, அட்டை விழுந்தது. ஒரு பக்கம் எடை: நாற்பத்தொன்பது கிலோ. மறுபக்கம் ஒரே வரி: ‘உங்களை ஒரு நாடே எதிர்பார்க்கிறது.’ தலைவர் ரயிலை ‘நிராகரித்தார்’. பிளாட்பாரத்தை விட்டு வெளியே வந்தவர் நேராக அரசியலுக்குள் நுழைந்தார். அதற்குப் பிறகு அவரை வெளியே கொண்டுவர யாராலும் முடியவில்லை.

அந்தத் ‘தியாகத்தின்’ ஐம்பதாவது ஆண்டில், எந்திரத்தைச் சுற்றி ஒரு மணிமண்டபம் எழும்பியது. திறப்பு விழாவில் தலைவர் மறுபடி ஏறி நிற்பார், மறுபடி அதே அட்டை விழும் என்று ‘வரலாற்று மீட்புக் குழு’ அறிவித்தது. எந்திரம் ஓடி முப்பது வருஷமாகிறது என்பதை அறிவித்த பிறகுதான் கவனித்தார்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். மளிகைக்கடைத் தராசிலிருந்து ஆஸ்பத்திரியில் குழந்தைகளை நிறுக்கும் தட்டு வரைக்கும் பழுது பார்ப்பவர். அவருடைய சொந்தப் பழுது ஒன்றுதான். மனைவி கணக்கு டீச்சர். எட்டு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் ஊரில் ஆறு வருஷமாக வேலை. சனிக்கிழமை வருவார், ஞாயிறு மத்தியானம் பெட்டியைத் தூக்குவார். வீட்டில் மெக்கானிக்கும், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற மாமனாரும் மாறி மாறிச் சமைத்து, மாறி மாறிக் குறை சொல்லிக் காலத்தை ஓட்டினார்கள். இடமாற்றம் கேட்டுப் போட்ட மனுக்கள் எல்லாம் ‘பரிசீலனையில்’ சுகமாக இருந்தன. எந்திரம் ஓடினால் டீச்சரம்மா ஊர் திரும்புவார் என்று குழுவின் செயலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மெக்கானிக் மூன்றே நாளில் ஸ்பிரிங்கை மாற்றினார், துருவைச் சுரண்டினார், பல்லிளித்த சக்கரத்தைச் சரிக்கட்டினார். நாலாம் நாள் அடித்தட்டைத் திறந்தார். உள்ளே கட்டுக் கட்டாக அட்டைகள். முதல் அட்டையின் பின்பக்கம்: ‘உங்களை ஒரு நாடே எதிர்பார்க்கிறது.’ இரண்டாவதிலும் அதே வரி. அடுத்த கட்டைப் பிரித்தார், அதிலும் அதே. அச்சகத்துக்காரர் வேறு வாசகம் கோக்கச் சோம்பல்பட்டிருக்கிறார். ஏறியவர்கள் எல்லோருக்கும் நாடு பொதுவாக விநியோகிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் எடையைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, அட்டையைத் தண்டவாளத்தில் வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வெகுளியான மெக்கானிக் இதைச் செயலாளரிடம் போய்ச் சொன்னார். செயலாளர் கதவைச் சாத்தினார்.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“எனக்கு மட்டும்தான் சார்.”

“உனக்கும் தெரியாது.” பேனாவைத் திறந்தார். “டீச்சரம்மா எந்த ஊர்ல இருக்காங்கன்னு சொன்னே?”

மெக்கானிக்குக் கேள்வியின் கனம் புரிந்தது. ஊர் பெயரைச் சொன்னார்.

குழு அவசரமாகக் கூடி, டீ குடித்து, ஏகமனதாகத் தீர்மானித்தது: ‘எந்திரத்தில் அட்டைகள் எவையும் கண்டெடுக்கப்படவில்லை. கண்டெடுக்கப்படாத மேற்படி அட்டைகளை, ஒன்று நீங்கலாக, மெக்கானிக் உடனே எரித்துவிட வேண்டியது. இனி எங்கே தட்டுப்பட்டாலும் அவரே பொறுப்பு.’ எடையைப் பற்றியும் விவாதம் நடந்தது. தலைவர் இப்போது ஏறினால் முள் முறிந்துவிடும். வரலாற்றை மாற்றும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்பதால், நாற்பத்தொன்பதிலேயே முள்ளை இறுக்கிவிடும்படி உத்தரவானது. நிலைய கேன்டீன் அடுப்பில் மெக்கானிக் மற்ற எல்லாவற்றையும் எரித்தார். கேன்டீன்காரர் மட்டும், அட்டை நல்லா எரியுது, இன்னும் இருக்கா என்று கேட்டார்.

விழா பிரமாதம். தலைவரை நாலு பேர் ஏற்றிவிட்டார்கள். அட்டை விழுந்தது. நாற்பத்தொன்பது கிலோ என்று ஒலிபெருக்கி அறிவித்ததும், ஐம்பது வருஷ அரசியலில் ஒரு கிலோகூடச் சேர்க்காத எளிமையை நினைத்துக் கூட்டம் கண் கலங்கியது.

சொன்ன சொல் தவறவில்லை செயலாளர். மறுவாரமே உத்தரவு வந்தது. கணக்கு டீச்சர், மணிமண்டபத்தின் ‘வரலாற்று விளக்குநர்’. நாளொன்றுக்கு ஆறு காட்சி. உலகத்திலேயே ஒரே ஒருவருக்குத்தான் அந்த அட்டை விழுந்தது என்று பார்வையாளர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

“கணக்கு சொல்லிக்கொடுத்த வாயால இதைச் சொல்லணுமாங்க?”

“வீட்டோட இருக்கலாம்ல?” என்றார் மெக்கானிக்.

டீச்சர் பெட்டியைப் பிரித்து, ஆறு வருஷத்துக்குப் பிறகு சேலைகளை அலமாரியில் அடுக்கினார்.

முதல் நாள் காட்சியைப் பார்க்க மாமனாரும் வந்திருந்தார். மகள் பேசியதை முழுக்கக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். பர்ஸின் உள்ளறையிலிருந்து ஓர் அட்டையை உருவினார். ஓரம் நைந்து, மஞ்சளேறிய அட்டை.

“எனக்கும் இதேதான் வந்துச்சு மாப்பிள்ளை. எனக்கு முன்னாடி ஒல்லியா ஒரு பையன் ஏறி இறங்கினான். ரெண்டு பேரும் ஒரே வண்டிக்குத்தான் நின்னோம்.”

மெக்கானிக்குக் குரல் இறங்கியது. “அப்புறம்?”

“வண்டி வந்துச்சு, நான் ஏறிட்டேன். அவன் கார்டைப் படிச்சுக்கிட்டே நின்னான். வண்டி போயிடுச்சு. பின்னாடியே கொஞ்ச தூரம் ஓடிக்கூட வந்தான், பாவம்.”

“உங்களையும் நாடு எதிர்பார்க்குதுன்னு போட்டிருக்கே மாமா. நீங்க போகலையா?”

“மறுநாள் காலையில வேலையில சேரணுமே.”

உள்ளே இரண்டாவது காட்சி தொடங்கியிருந்தது. மெக்கானிக் தயங்கித் தயங்கி, இதையும் எரிக்க வேண்டியிருக்கும் என்றார். எரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று மாமனார் கேட்டார். உங்கள் பெண் மறுபடி பஸ் ஏறுவாள் என்றார் மெக்கானிக்.

மாமனார் அட்டையை நீட்டினார். “எரிச்சிடுங்க. நாடுதானே. காத்திருந்து பழகியிருக்கும்.”

நாட்டின் அழைப்பை முதல் தடவை வேலைக்காகவும், இரண்டாம் தடவை மகளுக்காகவும் உதறிய இந்த மனிதர், இடையில் முப்பத்தைந்து வருஷம் கம்பம் கம்பமாக ஏறி ஊருக்கு விளக்கெரிய வைத்ததைத் தவிர வேறொன்றும் சாதிக்கவில்லை. இவரைப் போன்றவர்களை வரலாறு மன்னிக்கவே கூடாது. இவர்களெல்லாம் நேரத்துக்கு வண்டியேறி வேலைக்குப் போய்விடுவதால்தான், வண்டியைத் தவறவிட்டவர்கள் நம்மை ஆள்கிறார்கள்.