மூத்த மாப்பிள்ளையின் ரோஜா சர்பத் படலம்

மூன்று ரோஜாச் செடிகளை ஒரே காலையில் மொட்டையடித்த முரட்டுக் கரத்தான், அரை முழம் சமையல் அறிந்து ஒன்பது முழம் பேசும் நாவலன், இக்குடும்பத்தின் மூத்த மாப்பிள்ளை வாழ்க! அடுப்படித் தெய்வங்களே, அவன் புகழ் பாடி முடிக்கும்வரை எனக்குச் சிரிப்பு வராமல் காப்பீராக.

சென்ற கோடையில் அவன் சகலை தன் கையால் காய்ச்சிய ரோஜா சர்பத்தை மாமியார் இரண்டு தம்ளர் பருகி, "சின்ன மாப்பிள்ளைக்கு என்ன கைமணம்!" என்று திருவாய் மலர்ந்தருளிய அந்நாள் தொட்டு, நம் வீரனின் வயிறு விறகின்றியே எரிந்துகொண்டிருந்தது. இன்று நண்பகலில் அதே மாமியாரும் அதே சகலையும் விருந்துக்கு வருகிறார்கள். அந்த ஒரு பாராட்டைப் பிடுங்காவிட்டால் மூத்தவனாக இருந்து என்ன பயன்?

"கடைச் சரக்கா? என் வீட்லயா?" என்று முழங்கி, விருந்துக்கென மனைவி வாங்கி வைத்திருந்த சர்பத்தைச் சாக்கடைக்குத் தாரை வார்த்தான் அவ்வள்ளல். தன் படைப்பை ஊற்ற அவனுக்குப் புட்டி வேண்டுமாம். வீட்டில் காலிப் புட்டிகள் ஏழு இருந்தன.

"வடிகட்டும்போது மட்டும் என்னைக் கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

"வடிக்கிறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா? இந்த வீட்ல தினமும் சோறு வடிக்கிறது யாரு? போ, போய் ஹால்ல உக்காரு!" என்று பிரகடனம் செய்து கதவைச் சாத்தினான். பன்னிரண்டு ஆண்டு இல்லறத்தில் அவன் கற்ற ஒரே சமையல் வேலை சோறு வடிப்பதுதான்.

செவ்விதழ்ச் சேனை கொதிநீரில் பாய, இரண்டு கிலோ சர்க்கரைக் குன்று கரைந்து மாய, கரண்டியைக் கதாயுதமெனச் சுழற்றி, எறும்புப் படையை ஈரத்துணியால் சிதறடித்து, கம்பிப் பதம் பார்க்கப்போய்க் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டு, சுட்ட விரலை வாயில் வைத்தபடியே வெற்றி முழக்கமும் செய்தான். மணம் மட்டும், பொய் சொல்லக் கூடாது, கமகமத்தது. அதற்குள் ஹாலில் வந்தமர்ந்துவிட்ட மாமியார், "அடேயப்பா, என்ன வாசனை!" என்றார். சகலையின் முகம் சுருங்கியது. அந்த ஒரு நிமிடம் நம் வீரன் உண்மையாகவே வென்றிருந்தான்.

இனி எஞ்சியது ஒன்றே. பாத்திரம் துலக்கும் தொட்டியில் வடிதட்டை நிறுத்தி, கனல்வீசும் பாத்திரத்தை இருகரத்தால் ஏந்தி, பன்னிரண்டு ஆண்டுப் பயிற்சி தோள்களில் திரண்டெழ, ஓர் இதழும் வெளியே தெறிக்காமல், தினமும் சோறு வடிக்கும் அதே கம்பீரத்தோடு கவிழ்த்தான். வெந்து வெளிறிய இதழ்கள் தட்டில் குவிந்தன. செக்கச் செவேலென்ற பாகு சுழித்துச் சுழித்துத் தொட்டியின் ஓட்டை வழியே பாதாளம் புகுந்தது. அவன் தட்டை உயர்த்திப் பெருமிதத்தோடு பார்த்தான். பிறகு தொட்டியைப் பார்த்தான். பிறகு நெடுநேரம் எதையும் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. நான்கு தம்ளர்களோடு மனைவி நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் மாமியார், அவருக்கும் பின்னால் எக்கி எக்கிப் பார்க்கும் சகலை.

"சர்பத் எங்க, மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

அன்றைக்கு எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள்.