கழுவிய கார்டும் காலண்டர் படமும்

மெர்லிமாவ்,
நவம்பர் 18

என் மரியாதைக்குரிய மச்சான் சேகரன் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி புருஷன் காளிமுத்து வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், அனுசியா, என் கேமரா மூவரும் சுகம். நியாலாஸில் நீங்களும் அக்காவும் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் புதுக் கேமரா வாங்கிவிட்டதாகவும், எதை அமுக்கினால் எது நடக்கும் என்று தெரியாமல் விழிப்பதாகவும் வாட்ஸாப்பில் குரல் அனுப்பியிருந்தீர்கள். நானும் குரலிலேயே பதில் சொல்லலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் உங்கள் தங்கச்சி நடுவில் புகுந்து, "அண்ணே, இவரு பேச்சைக் கேட்டு காசைக் கரியாக்காதீங்க" என்று பேசிவிட்டாள். காகிதத்தில் அவள் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. ஜெயித்துவிட்டேன் மச்சான்! அடுத்த வருஷம் நம் தோட்டத்து மாரியம்மன் கோவில் காலண்டரில் வரப்போவது நான் எடுத்த தீமிதிப் படம். என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் கனகரட்ணம் எடுத்த படம் அல்ல. யாழ்ப்பாணத்துக்காரர், ரிட்டையரான தலைமைக் கிளார்க், முழங்கை நீளத்துக்கு வெள்ளை லென்ஸ் வைத்திருப்பவர், கடந்த ஆறு வருஷமாகக் காலண்டரைக் குத்தகைக்கு எடுத்தவர் போல இருந்தவர். அவர் தோற்றார். செம்பனை லாரி ஓட்டிய காளிமுத்து ஜெயித்தான்.

இதில் என்ன அவ்வளவு பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். பிப்ரவரியில் எங்கள் வாஷிங் மெஷின் கடகடவென்று ஆடி, சமையலறைக் கதவு வரை நடந்து போய், அங்கேயே உயிரை விட்டது. அன்றிலிருந்து அனுசியா கையால்தான் துணி துவைக்கிறாள். ஒவ்வொரு சட்டையை அடிக்கும்போதும் என் கேமராவைப் பார்ப்பாள். ஒருநாள் சாமி படத்துக்கு முன்னால் என்னை நிற்க வைத்துச் சொன்னாள். "இந்த வருஷம் கோவில் காலண்டர்ல உங்க படம் வந்துச்சுன்னா கேமரா இருக்கட்டும். வரலேன்னா வித்துட்டு மெஷின் வாங்கணும். சரியா?" நான் சூடத்தைத் தொட்டு ஒப்புக்கொண்டேன். கேமராவின் உயிர் அந்தக் காலண்டரில்தான் இருந்தது.

ஆகவே தீமிதிக்கு நான் இரண்டு மாதம் பயிற்சி எடுத்தேன். அதில் கற்றதை உங்களுக்கு இலவசமாகச் சொல்கிறேன். பெரிய லென்ஸ் வேண்டாம். ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும். பழையது வாங்கினால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பூஞ்சணம் பூத்திருக்கிறதா என்று பாருங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரம் வந்துவிடும். வராமல் இருக்க, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு வைக்க வேண்டும். நான் உங்கள் தங்கச்சியின் முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டேன். அதனால் தீபாவளி முறுக்கு நமத்துப்போனது, என் லென்ஸில் இன்றுவரை ஓம வாசனை அடிக்கிறது, ஆனால் பூஞ்சணம் இல்லை. அடுத்தது, லென்ஸைக் கண்டதைக் கொண்டு துடைக்காதீர்கள். உம்பாயில் மீன் சுடும் கடைப் பக்கம் கடலைப் படமெடுக்கப் போனேன். உப்புத் துளி தெறித்தது. மேசையில் இருந்த டிஷ்யூவால் துடைத்தேன். அதில் எனக்கு முன்னால் யாரோ மிளகாய்ச் சம்பல் துடைத்திருக்கிறார்கள். அன்று எடுத்த தொண்ணூறு படத்திலும் மீனவர்கள் எல்லாரும் தேவலோகத்தில் வலை இழுப்பது போல மினுமினு என்று இருந்தார்கள். முதலில் ஊதி தூசியைத் தள்ளுங்கள், பிறகு கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி, அவ்வளவுதான்.

தீமிதி அன்று சாயங்காலம் ஐந்தரை மணி. முதலில் நான் காற்று வீசும் பக்கத்துக்கு எதிரே போய் நின்றுவிட்டேன். புகை முழுவதும் என் மூக்கில் ஏறி, நான் இருமிய இருமலில் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டிக்குச் சாமி வந்துவிட்டது. உடனே இடம் மாறினேன். நீங்களும் காற்று உங்கள் முதுகில் அடிக்கிற பக்கம் நில்லுங்கள். ஃப்ளாஷ் போடவே கூடாது. நெருப்பைவிட நல்ல விளக்கு எது? ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் வைத்தேன், வெளிச்சத்தை ஒரு படி குறைத்தேன், இல்லையென்றால் தணல் எல்லாம் வெள்ளைச் சோறு போல வெளிறிவிடும். முக்காலியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நான் கொண்டுபோன முக்காலியை உறுமிக்காரர்கள் பின்னோக்கி ஆடி வந்து மிதித்து இருகாலி ஆக்கிவிட்டார்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கினால் போதும். அப்படி அடக்கிக்கொண்டிருந்தபோதுதான் பேங்கில் காவல் வேலை பார்க்கும் கோகுலராஜ் தலையில் கரகத்தோடு பூக்குழியில் முதல் அடி வைத்தான். விரலை எடுக்காமல் அமுக்கினேன். தீப்பொறி, மஞ்சள் வேட்டி, அவன் கண், எல்லாம் ஒரே படத்தில்! எனக்கே மயிர்க்கூச்செறிந்தது மச்சான்.

இனிமேல்தான் கொடுமை. கோவில் செயலாளர் ஜெயகாந்தன் வியாழக்கிழமைக்குள் படங்களைக் காகிதத்தில் அடித்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை எனக்கு ஜாசின் ஆஸ்பத்திரியில் சர்க்கரை டெஸ்ட். பாதி வழியில்தான் கேமரா கார்டைச் சட்டைப்பையில் வைத்தது ஞாபகம் வந்தது. அந்தச் சட்டை வீட்டில் இருந்தது. உடனே அனுசியாவுக்குப் போன் போட்டேன். ஃபிலிம் காலத்திலிருந்து நம் ஆட்கள் படம் பிரிண்ட் போடுவதைப் "படம் கழுவுவது" என்றுதானே சொல்வோம்? படம் பிரிண்ட் போடும் சீனர் கடை முதலாளி, நம் தவுக்கேகூட, மலாயில் "சூச்சி கம்பார்", படம் கழுவுவது, என்றுதான் சொல்வார். அந்த வாய்ப்பழக்கத்தில் நான் சொன்னேன்.

"என் நீலச் சட்டைப் பையில குட்டி கார்டு ஒண்ணு இருக்கு. அதை மறக்காம கழுவிடு."

"கழுவணுமா? இப்பவேவா?"

"இப்பவே லா. வியாழக்கிழமைக்குள்ள வேணும். தீமிதி படம் பூரா அதுலதான் இருக்கு."

"சரி சரி, துணிக்குத்தான் உக்காந்திருக்கேன், அப்படியே பாத்துடுறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கவனித்திருக்க வேண்டும். மத்தியானம் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், கொடியில் என் நீலச் சட்டைக்கும் அவள் துண்டுக்கும் நடுவில், கிளிப் மாட்டி, சொட்டச் சொட்ட என் கார்டு தொங்குகிறது.

"என்னடி செஞ்சே?"

"நீங்கதானே கழுவச் சொன்னீங்க? முன்னாடியெல்லாம் கடையில குடுத்துக் கழுவணும், இப்ப டிஜிட்டல், எல்லாம் வீட்டுலயே செஞ்சுக்கலாம்னு நீங்கதானே பீத்திக்கிட்டீங்க? பின்பக்கம் தங்கப்பல்லு மாதிரி வரிசையா இருந்துச்சு, ஒரே அழுக்கு. சவுக்காரம் போட்டுப் பழைய பல்துலக்கியால நல்லா தேச்சிருக்கேன்."

நான் கத்தவில்லை மச்சான். கார்டை எடுத்துத் துடைத்து, ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் காட்டி, பிறகு அரிசிக்குள் புதைத்து வைத்தேன். அரிசி காப்பாற்றியதா ஃபேன் காப்பாற்றியதா எனக்குத் தெரியாது. உங்களுக்கு இப்படி ஏதாவது ஆனால் ஈரத்தோடு மட்டும் கேமராவில் சொருகிவிடாதீர்கள், இரண்டு நாளாவது காய விடுங்கள். செவ்வாய்க்கிழமை அவள் அந்த அரிசியிலேயே உலை வைக்க அளந்துவிட்டாள். நான் பாய்ந்து போய்ப் பானையைப் பிடுங்கி, ஒவ்வொரு பிடியாக அலசி என் கார்டை மீட்டேன். அன்று முழுவதும் அரிசிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நான் நிஜமாகவே பயந்துபோனேன். கேமரா போய்விட்டால் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை தவுக்கே கார்டைத் தன் மெஷினில் சொருகினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால், முந்நூற்று எண்பத்தேழு படமும் வரிசையாக நிற்கிறது! நடந்ததைச் சொன்னதும் தவுக்கே மேசையைத் தட்டிச் சிரித்து, "அங்கிள், உங்க மனைவி நல்லா சூச்சி பண்ணியிருக்காங்க லா! என் கடைக்கு வேலைக்கு அனுப்புங்க" என்றார்.

வியாழக்கிழமை கோவில் அன்னதான மேசையில் எல்லார் படத்தையும் பரப்பி வைத்தார்கள். கனகரட்ணம் படங்கள் பன்னிரண்டு. பூக்குழியின் எதிர்ப்பக்கம் தள்ளி நின்று, அந்த நீள லென்ஸால் தணலுக்கு மேலாகவே எடுத்திருக்கிறார். சூட்டில் காற்று அலையடிக்கும் அல்லவா, அதனால் பன்னிரண்டிலும் பக்தர்கள் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல நெளிந்தார்கள். பக்கத்தில் நின்று சின்ன லென்ஸால் எடுத்த என் படத்தில் கோகுலராஜின் கண் இமைகூட எண்ணலாம். ஜெயகாந்தன் அதைக் கையில் எடுத்தார், மறுபடி கீழே வைக்கவே இல்லை. "இதுதான்" என்றார். கனகரட்ணம் எழுந்து எனக்குக் கை கொடுத்தார், பெரிய மனிதர்தான். நான் மோட்டார் சைக்கிளில் மெர்லிமாவ் முழுக்க இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். உங்கள் தங்கச்சி மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "சரி, கேமரா இருக்கட்டும் லா" என்றாள். அந்தக் குழம்பின் ருசி எனக்குச் செத்தாலும் மறக்காது.

எனவே மச்சான், தைரியமாகக் கேமராவைத் தூக்குங்கள். உபரி பேட்டரி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியையும், உங்கள் முழங்காலுக்கு அனுசியா கொடுத்தனுப்பும் தைலத்தையும் சேர்க்கிறேன். தாயார் மாரியம்மன் உங்கள் வீட்டில் வெளிச்சம் குறையாமல் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
காலண்டர் புகழ்
காளிமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் காலண்டர் வந்துவிட்டது. ஒரு யோசனையைச் சொல்ல விட்டுவிட்டேன்: பட்டனை அமுக்கும் முன் படத்தில் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அச்சகத்துக்காரன் என் படத்தை அட்டை முழுக்க அடித்து, தேதித் தாள் கட்டை அதன் கீழ்ப்பாதியில் வைத்துத் தைத்துவிட்டான். பூக்குழி, கோகுலராஜ், அவன் கண், இமை எல்லாம் ஜனவரிக்கு அடியில் போய்விட்டன. மேலே மிச்சம் இருப்பது கொஞ்சம் புகையும், எதிர்ப்பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, தான் எடுத்த படத்தைத் தானே பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் கனகரட்ணமும்தான். அனுசியா காலண்டரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "இது உங்க படமா? கனகரட்ணம் அண்ணன் படம்ல இது!" என்றாள். எடுத்தவன் நான் என்று எவ்வளவோ வாதாடினேன். "ஊர்ல போய்க் கேளுங்க" என்றாள். போய்க் கேட்டேன். இட்லிக் கடையிலிருந்து முடிவெட்டும் கடை வரை எல்லாரும் "கனகரட்ணம் சார் படம் நல்லா இருக்கு" என்றுதான் சொல்கிறார்கள். மத்தியானம் அவரே வந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. "காளிமுத்து, நாப்பது வருசமா நான் எல்லாரையும் படம் எடுக்கிறன். என்னை ஒருத்தரும் இப்பிடி வடிவா எடுத்ததில்லை. விக்கிறதெண்டால் அந்தக் கமராவை எனக்குத் தாங்கோ" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தங்கச்சி கேமராப் பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டாள், சார்ஜரைக்கூட மறக்கவில்லை. வாஷிங் மெஷின் வெள்ளிக்கிழமை வருகிறது. அதன் பக்கத்தில் எங்கள் இருவரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துத் தருவதாகக் கனகரட்ணம் சொல்லியிருக்கிறார்.