நான் பார்க்காத நான்காம் பகுதி

ஒரு கொலை செய்வது என்று புதன்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தேன். நாள், சனிக்கிழமை. நேரம், மத்தியானம் இரண்டு மணி. மனைவி ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருப்பாள்.

பதற வேண்டாம். கொல்ல நினைத்தது ஆளை இல்லை. ஒரு வீடியோ கேசட்டை.

‘ஒன்பதாம் கலம்’ என்று ஒரு தொடர் முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் டிவியில் வந்தது. பூமியை விட்டுக் கிளம்பிய கடைசி விண்கலத்தில் போகிறவர்களின் கதை. ஊரே அதை மறந்துவிட்டது. மறக்காதவர்கள் நாங்கள் நாலு பேர். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். மற்றவர்கள் பல் டாக்டர், லிஃப்ட் மெக்கானிக், கடிகாரம் ரிப்பேர் செய்கிற கடிகாரக்காரர். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் கூடி, ஒரு பகுதியை எடுத்து அலசுவோம்.

பல் டாக்டர் கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களோடேயே பழகியவர். லிஃப்ட் மெக்கானிக்கின் அபிப்பிராயம் ஓரிடத்தில் நிற்காது. மேலே போகும், கீழே வரும், சில சமயம் நடுவில் மாட்டிக்கொள்ளும். கடிகாரக்காரர் பேசவே மாட்டார். பெண்டுலம் மாதிரி தலையை மட்டும் ஆட்டுவார்.

அந்தப் பெண்டுலம் இரண்டு மாதத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டார். அதன்பின் இரண்டு தடவை கூடினோம். அவருடைய நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதை எடுத்து உள்ளே போடவும் யாருக்கும் மனசு வரவில்லை. வெளியே விடாத மழை. மூன்று பேரும் அந்த நாற்காலியைப் பார்க்காமல் இருப்பதிலேயே பொழுது போயிற்று.

“கலம், கலம்னு நீங்க பேசுங்க. கலம் கழுவறது நான்” என்று டீ டம்ளர்களை அள்ளிக்கொண்டு போவாள் என் மனைவி. முப்பத்தோரு வருஷமாக அவள் பங்கு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொலைக்கான காரணத்துக்கு வருகிறேன். நான்காம் பகுதி ஒரே ஒரு தடவைதான் ஒளிபரப்பானது. பிரதி அழிந்துவிட்டது என்றார்கள். மறு ஒளிபரப்பில் மூன்றுக்கு அடுத்து ஐந்துதான். மூன்றாம் பகுதி முடியும்போது, உறைந்த நிலவு ஒன்றில் ரேடியோக்காரப் பெண் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறாள். கலத்தில் மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. ஐந்தாம் பகுதி பத்து வருஷம் கழித்து ஆரம்பிக்கிறது. அவள் இல்லை. அவள் பேச்சே இல்லை. கேப்டனின் இடது கையில் மட்டும் ஒரு கையுறை. கடைசிவரை அதை அவர் கழற்றுவதே இல்லை.

நடுவில் என்ன நடந்தது? கேப்டன் அவளுக்காகத் திரும்பிப் போனாரா?

பார்த்தவன் நான் ஒருத்தன்தான். பல் டாக்டரின் ஹாஸ்டலில் அன்றைக்குக் கரண்ட் இல்லை. மெக்கானிக் ஒரு லிஃப்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தார். கடிகாரக்காரரைக் கேட்டபோது தலையை ஆட்டினார். இல்லை என்று எடுத்துக்கொண்டோம்.

ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை நான் எழுந்து நின்று சொல்வேன். கேப்டன் கலத்தோடு இருந்த சின்ன விண்படகை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். பனியில் இறுகிய கதவை வெறும் கையால் இழுத்துத் திறந்தார். கை கருகிப்போயிற்று, அதனால்தான் கையுறை. அவளைக் காப்பாற்றி வேறொரு கோளில் பத்திரமாக இறக்கிவிட்டார். இதைச் சொல்ல எனக்கு நாற்பது நிமிஷம் ஆகும். அந்தப் பகுதியே முப்பத்தெட்டு நிமிஷம்தான்.

உங்களிடம் மறைப்பானேன். நான் அதைப் பார்க்கவில்லை. பாதியில் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து மனைவியைக் கேட்டேன். “கேப்டன் திரும்பி வந்துட்டார். அவளைக் கூட்டிட்டுப் போயிட்டார்” என்றாள். மொத்தம் இரண்டு வரி. படகு, பனி, கதவு, கருகின கை எல்லாம் என் சொந்தச் சரக்கு.

அந்தப் புதன்கிழமை மனைவி ஒரு பையோடு வந்தாள்.

“கடிகாரக்காரர் வீட்டக்கா அலமாரியைக் காலி பண்றாங்க. இதை நம்மகிட்ட கொடுக்கச் சொன்னாங்க.”

கேசட். லேபிளில், கடிகாரத்துத் திருகாணி சைசில், அவர் கையெழுத்து: ‘ஒன்பதாம் கலம் – 4’.

இவரிடம் இருந்திருக்கிறது! என் நாற்பது நிமிஷத்தையும் வருஷா வருஷம் கேட்டுத் தலையை ஆட்டியிருக்கிறார்!

“இப்பவே போட்டுப் பாத்துடுவோமா?” என்றாள்.

“வேண்டாம்! எல்லாரும் சேர்ந்து ஞாயித்துக்கிழமை பாக்கறதுதான் அவருக்கு மரியாதை.”

“அக்காவையும் கூப்பிட்டிருக்கேன். ஏன் உங்களுக்கு மூச்சு வாங்குது?”

“எனக்கா? இல்லியே.”

என் மனைவி எக்ஸ்ரே எடுப்பவள். “மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க” என்று ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் சொல்லுகிறவள். தோலைத் தாண்டி எலும்பைப் பார்க்கிறவளுக்கு, சட்டையைத் தாண்டி ஒரு பொய் தெரியாதா? அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. கேசட்டை அலமாரியில் வைத்து, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை. இரண்டு மணி. அழிக்க முடியாதபடி கேசட்டின் முதுகில் உடைத்து வைத்திருந்த சின்னத் துளையை ஒட்டுத்தாளால் மூடினேன். பழைய பிளேயரில் போட்டேன். எந்த ஒயரையும் சொருகாமல் ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன். ஒன்றுமில்லாததைப் பதிவு செய்தால் உள்ளதெல்லாம் போய்விடும்.

ஒரு தடவை பார்த்துவிட்டு அழித்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தால் மனசு இளகிவிடும். டிவியை அணைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பிளேயர் முனகிக்கொண்டே ஓடியது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு மணி நேரம். எதிரே அந்தக் காலி நாற்காலி.

“மன்னிச்சுடுங்க” என்றேன் நாற்காலியிடம். அதற்குத் தலையை ஆட்டத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். கடிகாரக்காரரின் மனைவி குடையை மடக்கிவிட்டு, யாரையும் கேட்காமல் நேராகப் போய்த் தன் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கேசட்டைப் போட்டேன். திரை வெறுமையாக இருந்தது. ஐந்து நிமிஷம் ஓட்டினேன். வெறுமை.

தலையில் கை வைத்தேன். “போச்சு! முப்பது வருஷம் ஆச்சில்ல? கலத்தைக் காலம் தின்னுடுச்சு! ஒரு துணைக்கால்தான் வித்தியாசம், என்ன கொடுமை பாருங்க!” குரலைக்கூடத் தழுதழுக்க வைத்தேன்.

“மூச்சை விட்டுடுங்க” என்று சமையலறையிலிருந்து வந்தாள் மனைவி. “அது வேற கேசட்.”

டியூட்டிக்குக் கொண்டுபோகிற பையிலிருந்து, லேபிள் உரித்த ஒரு கேசட்டை எடுத்தாள்.

“இதுதான் அது. லேபிளை மட்டும் உரிச்சு அதுமேல ஒட்டினேன்.”

“அப்ப... இது?”

“பத்தாவது வருஷ விழாவுல நீங்க நாற்பது நிமிஷம் பேசினீங்களே, டாக்டர் வீடியோ எடுத்துக் கொடுத்தாரே. அது.”

“அது ஏன் காலியா இருக்கு?” என்றார் பல் டாக்டர். கேட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதிலுக்குக் காத்திருந்தார். நான் வாயைத் திறந்தபடி இருந்தேன்.

மனைவியே கேசட்டைப் போட்டாள்.

படம் மணல் கொட்டின மாதிரி இருந்தது. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. கேப்டன் சின்னப் படகில் நிலவுக்குப் போகிறார். ஆனால் படகில் இருவருக்குக் காற்று இல்லை. கதவுக்கு உள்ளே அவள், வெளியே அவர். கலத்தில் நூற்றுப்பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். “கிளம்புங்க” என்கிறாள். அவருடைய கையுறை கிழிந்திருப்பதைப் பார்த்து, தன்னுடையதைக் கழற்றி, பொருட்கள் மாற்றுகிற சின்னத் திறப்பு வழியாகத் தள்ளுகிறாள். அவர் போட்டுக்கொள்கிறார். கிளம்புகிறார். ரேடியோவில் அவள் கலத்துக்கு வழி சொல்லிக்கொண்டே வருகிறாள். ஒரு கட்டத்தில் குரல் நின்றுவிடுகிறது. கேப்டன் திரும்பிப் பார்ப்பதில்லை. முடிந்தது.

வெளியே மழைச் சத்தம்தான்.

படகு உண்டு, கதவும் உண்டு, எனக்கே ஆச்சரியம். ஆனால் அவள் இல்லை. என் கதையில் இத்தனை வருஷம் வாழ்ந்தவள், என் வீட்டு டிவியில் செத்துப்போனாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது திட்டினால் தேவலாம் போல இருந்தது.

கடிகாரக்காரரின் மனைவிதான் பேசினார். “வருஷா வருஷம் உங்க பேச்சைக் கேட்டுட்டு வந்து, ராத்திரி இதைத் தனியாப் போட்டுப் பாப்பாரு, தம்பி. ‘ஏன் நீங்க சொல்லல?’ன்னு ஒருநாள் கேட்டேன். ‘அவன் கதையில அந்தப் பொண்ணு உயிரோட இருக்கா. அதை நான் ஏன் கெடுக்கணும்?’னாரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்தத் தடவை நடிப்பு இல்லை.

“அந்தக் கையுறை” என்றாள் என் மனைவி மெதுவாக. எல்லோரும் திரும்பினார்கள். “அஞ்சாம் பகுதியிலேருந்து கேப்டன் இடது கையை முழுசா மடக்கவே மாட்டார். நான் தினமும் கையைப் படம் எடுக்கறவ, எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அது காயம் இல்ல. பொம்பளைக் கையுறை. அவருக்குச் சின்னது.”

லிஃப்ட் மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார்.

டீ எடுக்கிற சாக்கில் அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன்.

“நீ எல்லாப் பகுதியையும் பாத்திருக்கியா?”

“டம்ளர் கழுவினா காது கேக்காதா? கதவிடுக்குல கண்ணு தெரியாதா?”

“அப்ப அன்னிக்கு ஏன் கேப்டன் திரும்பி வந்துட்டார்னு சொன்னே?”

டீயை வடிகட்டிக்கொண்டே சொன்னாள். “அன்னிக்கு உங்க பெட்டி வாசல்ல இருந்துச்சு. ஞாபகம் இருக்கா?”

இருந்தது. கல்யாணமாகி மூன்று மாதம். தொலைதூரத்தில், பெரிய லென்ஸ் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரி. வருஷத்துக்கு ஒரு தடவை வருவதாகச் சொல்லிவிட்டு அன்று காலை கிளம்பினேன். அங்கே ஒவ்வொரு நாளும் அந்தக் கேப்டன் ஞாபகமாகவே இருந்தது. நூற்றுப்பத்துப் பேரை விட்டுவிட்டு ஒருத்திக்காகத் திரும்பினாரே, நாமும் ஒரு மனுஷனா என்று ஒன்பதாம் நாள் திரும்பி வந்துவிட்டேன். இந்தக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தேன். நானாக எடுத்த ஒரே பெரிய முடிவு என்று இன்றுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“போகாதீங்கன்னு என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?”

“பொண்டாட்டி சொல்லிக் கேக்கற ஆளா நீங்க? கேப்டன் சொன்னா கேப்பீங்க.”

அடுப்பை அணைத்தாள். “அங்கேயே இருந்திருந்தா மேனேஜர் ஆயிருப்பீங்க. எனக்குத் தெரியும். அதான் உங்க நாற்பது நிமிஷத்தை நான் ஒருநாளும் காட்டிக் கொடுக்கல.”

“பின்ன இன்னிக்கு மட்டும்?”

“அவர் கையால எழுதி வச்சது. அக்கா ஒரு தடவை உங்களோட உக்காந்து பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க. அதை அழிக்கலாமா நீங்க?”

அழிக்கக்கூடாது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

லிஃப்ட் மெக்கானிக் உற்சாகத்தின் உச்சி மாடியில் இருந்தார். “அடுத்த மாசம் அஞ்சாம் பகுதி. யார் பேசறதுன்னு சீட்டு எழுதிப் போடுவோம். வீட்டம்மாவும் அக்காவும் இனி உறுப்பினர்” என்றார். முப்பத்தோரு வருஷமாக யார் பேசுவது என்ற கேள்வியே எழுந்ததில்லை.

ஐந்து சீட்டு. பல் டாக்டர் பிரித்தார். நாலு ஓட்டு என் மனைவிக்கு, ஒன்று எனக்கு.

எனக்கு விழுந்த அந்த ஒன்று அவள் போட்டது. நான்கூட எனக்குப் போடவில்லை.