மேலே மாளிகை, கீழே குடித்தனம்

கனடாவின் ஸ்காபரோவில் ஓர் உயிரினம் உண்டு, கவனித்திருப்பீர்கள். இரண்டு மாடி வீடு வாங்கும், மேலே பளபளவென்று கல் பதித்த குசினி கட்டும், சாய்ந்து உட்கார வெள்ளைச் செற்றி வாங்கி அதன் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றாமலே வைத்துத் தூசு தட்டும். பிறகு படியிறங்கிப் போய், நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்றில் சமைத்து, பேஸ்மென்றில் சாப்பிட்டு, பேஸ்மென்றிலேயே கொட்டாவி விடும். அப்படியென்றால் மேல்வீடு யாருக்கு? விருந்தாளிக்கு. விருந்தாளி எங்கே? அவர் தன்னுடைய பேஸ்மென்றில் இருக்கிறார்!

வோபர்ன் பகுதி இக்னேசியஸ் இந்த இனத்தில் முதல்தரம். அவர் மனைவி யூஜினிக்கு ஒரே ஓர் ஆசை. மேலே பெரிய யன்னலோரச் செற்றியில் இருந்து, முகத்தில் வெயில் பட, ஒரு தேத்தண்ணி குடிக்கவேண்டும். கேட்டால், “ஊத்துப்பட்டால் கறை போகாது. கீழ வாரும்” என்பார் இக்னேசியஸ். பேஸ்மென்ற் யன்னலில் யூஜினிக்குத் தெரிவதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரின் கணுக்கால்தான்.

மழை விட்ட ஒரு காலை, பின்வளவுப் புல்லில் குட்டிக் குட்டிச் சேற்றுக் கோபுரங்கள் முளைத்திருந்தன. இக்னேசியஸ் மண்வெட்டியோடு பாய்ந்தார். உயிரியல் படித்த மகள் மெலிசா குறுக்கே விழுந்தாள்.

“அப்பா, ஸ்ரொப்! உது கிறேபிஷ். இறால் மாதிரி உடம்பு, நண்டு மாதிரிக் கொடுக்கு. தண்ணி வரும்வரைக்கும் கீழ கிண்டும். கிண்டின சேத்தை உருட்டி உருட்டி மேல கொண்டுவந்து கோபுரம் கட்டும்.”

“கோபுரத்துக்குள்ளயோ இருக்கும்?”

“இல்லையப்பா, கீழ ஈரத்துக்குள்ள. பழைய ஓடு கழட்டி, புது ஓடு இறுகும்வரைக்கும் அங்கதான் ஒளிச்சிருக்கும். தாய் வாலுக்குக் கீழ முட்டையைக் காவிக்கொண்டு திரியும். குஞ்சுகளும் கொஞ்சக் காலம் தாயிலதான் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு போய்த் தங்கடை வளையைத் தாங்களே கிண்டும்.”

இக்னேசியஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “விசர்ச் சீவன்! இவ்வளவு பாடுபட்டு மேல கட்டிப்போட்டு, கீழ போய்க் கிடக்குதே!”

யூஜினி அவரைப் பார்த்தார். மேல்வீட்டு யன்னலைப் பார்த்தார்.

“ஓமப்பா, சரியான விசர்தான்” என்றார்.

அடுத்த வருடம் மெலிசா கல்யாணம் முடித்து ஒஷாவாவில் வீடு வாங்கினாள். யூஜினிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கனடாவில் பிறந்த பிள்ளை, படித்த பிள்ளை. அங்கேயாவது அந்தத் தேத்தண்ணி கிடைக்காதா? போனார்கள். அடடா! பெரிய யன்னல், வெள்ளைச் செற்றி, அதன்மேல் பளீரென்று வெயில். யூஜினி இருக்கப் போனார்.

“ஐயோ அம்மா, அதில இருக்காதேங்கோ! கீழ வாங்கோ, தேத்தண்ணி கீழ!”

குஞ்சு தன் வளையைக் கிண்டிவிட்டது! இக்னேசியஸ் பூரிப்போடு அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார். யூஜினி? பிளாஸ்ரிக் சரசரக்கச் செற்றியில் தொப்பென்று அமர்ந்தார்.

“தேத்தண்ணியை இஞ்ச கொண்டா. நான் கிறேபிஷ் இல்லை.”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதை எங்கே இருந்து வாசிக்கிறீர்கள்? தலைக்கு மேலே ஆளரவமே இல்லையா? எதற்கும் ஒருதரம் மேலே போய், செற்றியைத் தொட்டுப் பாருங்கள். சரசரக்கும்.