மேதை பிடிக்கும் மிஸ் வெர்னெட்டா

மீன் பிடிப்பவர்கள் உண்டு. பாம்பு பிடிப்பவர்கள் உண்டு. பிள்ளை பிடிப்பவன் வருகிறான் என்று சொல்லித்தான் நமக்கெல்லாம் சோறு ஊட்டினார்கள். ஆனால் மேதை பிடிப்பவர்களைப் பற்றி உங்களை யாராவது எச்சரித்ததுண்டா? இல்லை. அதனால்தான் சொந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக அவர்கள் முன்னால் போய் நிற்கிறீர்கள்.

அடையாளம் காண்பது சுலபம். உங்கள் பிள்ளை கரண்டியால் மேசையைத் தட்டினால் நீங்கள் "நிறுத்து" என்பீர்கள். இவர் "ஸ்ஸ்... தடுக்காதீங்க" என்பார். கண்ணை மூடுவார். தலையை ஆட்டுவார். பிறகு உங்கள் முழங்கையை அழுத்திப் பிடித்து, "இது உங்க பக்கத்துலயிருந்து வந்ததா, அவங்க பக்கத்துலயிருந்து வந்ததா?" என்று ரகசியமாகக் கேட்பார். அவ்வளவுதான். உங்கள் கோடை விடுமுறை கைநழுவிவிட்டது.

வடக்கு பிலடெல்பியாவில் ஆஷ்பி தெருவில் மிஸ் வெர்னெட்டா கிரிக்ஸ் இந்த இனத்தின் முதல்தர மாதிரி. முடி பின்னும் கடை வைத்திருக்கிறார். இந்த வேட்டைக்கு இதைவிட வாகான இடம் உண்டா? நாலு மணி நேரம் பிள்ளையின் தலை அவர் கையில். தப்பி ஓடினால் பாதிப் பின்னலோடு ஓட வேண்டும். அந்த நாலு மணி நேரத்தில் அவர் கண்டுபிடித்துவிடுவார். சுவரில் கிறுக்குகிற பிள்ளைக்கு ஓவியம், வாய் கூசாமல் பொய் சொல்லுகிற பிள்ளைக்கு நாடகம், நாற்காலியில் நெளிகிற பிள்ளைக்கு நடனம், கைக்கு எட்டியதையெல்லாம் உடைக்கிற பிள்ளைக்குச் சிற்பம், ஒன்றுமே செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பிள்ளைக்கு, ஐயோ பாவம், கவிதை.

கண்டுபிடித்ததோடு விடுவாரா? மூன்று மணி நேரத் தொலைவில் மலைமேல் ஹெம்லாக் ஏரிக் கலை முகாம் என்று ஒன்று. ஜூலையில் நாலு வாரம். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் பணம் கட்டிச் சேருவார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையில் சில இடங்கள். பிப்ரவரியில் மனுத்தாள் வரும். சீப்பு வைக்கிற டிராயரில் சீப்பு இருக்காது, மனுத்தாள்தான் இருக்கும். இதுவரை பதினேழு பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார். பதினாறு பேர் கொசுக்கடியோடும் களிமண் கிண்ணத்தோடும் திரும்பி வந்தார்கள். ஒருத்தி மட்டும் இன்று பெரிய மேடைகளில் செல்லோ வாசிக்கிறாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழலாம். விழுந்துவிட்ட பிறகு அந்தக் காக்கையை யார் பிடித்து நிறுத்துவது?

இந்த வருஷம் அகப்பட்டவள் கெட்டூரா பாய்ட். பத்து வயது. ஐஸ் வண்டி இரண்டு தெரு தாண்டிப் போயிருக்கும், இவள் கடை வாசலில் நின்று "ஏய், செர்ரி ஐஸ்!" என்று ஒரு குரல் கொடுப்பாள், வண்டி பின்னாலேயே ஊர்ந்து வரும். அந்தக் குரலைக் கேட்ட அன்று மிஸ் வெர்னெட்டாவின் கையிலிருந்து சீப்பு விழுந்தது.

அன்று சாயங்காலமே கெட்டூராவின் அப்பாவைப் பிடித்தார். அலான்ஸோ பாய்ட் பஸ் டிப்போவில் மெக்கானிக்.

"அலான்ஸோ, உன் பொண்ணு தொண்டையில என்ன இருக்குன்னு தெரியுமா?"

"ஐயோ, மறுபடியும் டான்சிலா மிஸ் வெர்னெட்டா?"

"ஓபராப்பா, ஓபரா!"

"எனக்குப் பாட வராது" என்றாள் கெட்டூரா.

"யாரு சொன்னா?"

"சர்ச்சுல சொன்னாங்க. கூட நின்னு வாயை மட்டும் அசைன்னாங்க."

"பொறாமை. நீ கண்டுக்காதே."

அலான்ஸோவுக்கு ஓபராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் போன ஜூலை தெரியும். தாயில்லாத பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வெந்து கிடக்கும் டிப்போவிலிருந்து நாளுக்கு ஒன்பது தடவை போன் போட்டு, "கதவைத் திறக்காதே கண்ணு" என்று சொன்ன ஜூலை. ஏரி, மரம், பக்கத்தில் பெரியவர்கள், மூன்று வேளைச் சாப்பாடு. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நெஜமாவே எடுப்பாங்களா?"

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு மிஸ் வெர்னெட்டாவுக்கு இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. பிடித்த மேதை நழுவினால் போகிறது, அடுத்தது பிடிக்கலாம். இந்த மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆகவே பயிற்சி நடந்தது. "முகாம்லயிருந்து வர்றவரு, பாட்டுன்னா உனக்கு என்னன்னு கேப்பாரு. என்ன சொல்லுவே?"

"என் ஆன்மாவோட ஜன்னல்."

"சொல்லும்போது கையை நெஞ்சுல வை. அது வயிறு. மேல, மேல!"

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளைப் பார்க்க முகாமிலிருந்து ஒருவர் வந்தார். வின்ஸ்லோ ஹார்ட் என்று பெயர். கொக்கு போல நெடுநெடுவென்று, கண்ணாடி, கசங்கிய சட்டை. கடையில் பின்னல் வேலை நின்றது. பாதிப் பின்னலோடு உட்கார்ந்திருந்த பெண்கள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டு அலான்ஸோ கதவோரம் நின்றார்.

"கெட்டூரா, பாட்டுன்னா உனக்கு என்னம்மா?"

"என் ஆன்மாவோட ஜன்னல்" என்றாள் கெட்டூரா. "இப்ப கையை நெஞ்சுல வைக்கணும்." வைத்தாள்.

பிறகு பாடினாள்.

அதை எப்படிச் சொல்வது? சத்தத்தில் குறை இல்லை. சுருதிதான் எந்தப் பக்கம் போனதென்று யாருக்கும் தெரியவில்லை. தலை உலர்த்தும் கூண்டுக்குள் இருந்த ஓர் அம்மாள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனார். தெருநாய் ஒன்று எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"ஜலதோஷம்" என்றார் மிஸ் வெர்னெட்டா அவசரமாக.

"எனக்கு ஜலதோஷம் இல்லையே."

"இருக்கு!"

கெட்டூரா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் வின்ஸ்லோவை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், உங்களுக்கு என்ன வரும்?"

"எனக்கா? பியானோ."

"அது இல்ல. நீங்க நடந்து வரும்போது பாத்தேன். முழங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறீங்க. நீங்க கயிறு தாண்டுற ஆளு."

"நான் இதுவரைக்கும் தாண்டினதே இல்லையேம்மா."

"யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. வாங்க."

வெளியே பெண் பிள்ளைகள் இரட்டைக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்கள். கெட்டூரா அவரைக் கைப்பிடித்து இழுத்துப்போய் நிறுத்தினாள். "கண்ணாடியைக் கழட்டி அப்பாகிட்ட குடுங்க. கயித்தைப் பாக்காதீங்க, என் சத்தத்தைக் கேளுங்க. இப்போ!" முதல் தடவை கயிறு காலில் சுற்றியது. இரண்டாம் தடவை காதில். மூன்றாம் தடவை கொக்கு எழும்பியது. ஆறு, ஏழு, எட்டு! பாதிப் பின்னல் தலைகளெல்லாம் வாசலுக்கு ஓடிவந்து கை தட்டின. எதிர்வீட்டு மாடியிலிருந்து எண்ணினார்கள். பதினாறில் அவர் தடுக்கி விழுந்து, தரையில் உட்கார்ந்தபடியே பள்ளிக்கூடப் பையன் மாதிரி சிரித்தார்.

"இந்தப் பொண்ணுக்கு இடம் உண்டு" என்றார் மூச்சிரைக்க.

"பாட்டுக்குத்தானே?" என்றார் மிஸ் வெர்னெட்டா.

"எதுக்குன்னு தெரியலைங்க. வரட்டும், பாத்துக்கலாம்."

அலான்ஸோ கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மிஸ் வெர்னெட்டா மட்டும் தெரு முழுக்க "ஓபரா" என்றே சொல்லி வைத்தார். இந்த இனம் தோல்வியை ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் உண்டா?

முகாமில் போனுக்குத் தடை. கடிதம்தான் வந்தது. "அப்பா, இங்கே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அதற்கு இயற்கை என்று பேர் சொல்கிறார்கள். பறவைகள் விடியுமுன்பே கத்துகின்றன, யாரும் கண்டிப்பதில்லை. நான் இங்கே ரொம்ப பிஸி." என்ன பிஸி என்று எழுதவில்லை. "ஒத்திகை!" என்றார் மிஸ் வெர்னெட்டா, கடிதத்தை ஆறாவது தடவை வாசித்துவிட்டு.

கடைசி நாள் பெற்றோர் வரலாம். மிஸ் வெர்னெட்டா சர்ச் வேனைக் கேட்டு வாங்கினார். பதினொரு பேரை ஏற்றினார். வறுத்த கோழி, பெரிய தட்டில் பாலாடைக்கட்டி மக்ரோனி, இறகு வைத்த தன் ஈஸ்டர் தொப்பி. மலை ஏறும் வழியெல்லாம் ஓபராவில் எந்த இடத்தில் கை தட்டக் கூடாது என்று பாடம் நடந்தது.

திரை விலகியது. நாடகம். அரசன் வந்தான், மந்திரி வந்தான், மரமாக நின்ற நாலு பிள்ளைகள் வந்தார்கள். கெட்டூரா வரவில்லை. பாட்டு வந்தது, பாடியது வேறு யாரோ. மிஸ் வெர்னெட்டாவின் தொப்பி இறகு மெல்லத் தாழ்ந்தது. இரண்டாம் காட்சியும் பாதி போயிற்று. பொறுக்க முடியாமல் எழுந்து நின்றார்.

"எங்க பொண்ணு எங்கே?"

திரைக்குப் பின்னாலிருந்து, ஏரியின் அக்கரைக்கும் கேட்கும்படி ஒரு குரல் வந்தது: "மிஸ் வெர்னெட்டா, உக்காருங்க! நாடகம் நடக்குது!"

அரங்கமே சிரித்துச் சாய்ந்தது. மந்திரி தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அலான்ஸோ தொடையில் அடித்துக்கொண்டு, "அது என் பொண்ணு! அது என் பொண்ணு!" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னார்.

நாடகம் முடிந்ததும் வின்ஸ்லோ விஷயத்தைச் சொன்னார். பாட்டு வகுப்பில் கெட்டூரா இரண்டு நாள்தான் தாக்குப்பிடித்தாள். மேடைக்குப் பின்னால் அனுப்பினார்கள்; யார் எப்போது நுழைய வேண்டும் என்று கூவுகிற வேலை. அங்கேயிருந்து பிள்ளைகளை ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்தாள். "ஒன்பது பேரு வகுப்பு மாத்திட்டாங்க. எல்லாம் இவ வேலை."

"என் பையன் ஆறு வருஷமா வயலின் கத்துக்கறான்!" என்று பக்கத்தில் ஒரு சீமாட்டி பதறினார். "இப்போ கோமாளி வேஷம் கட்டிட்டு நிக்கறான்!"

"ஆன்ட்டி, அவன் வயலினைச் செத்த எலியைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருந்தான்" என்றபடி கெட்டூரா வந்தாள். கையில் அட்டை, காதில் பென்சில், ஓர் அங்குலம் வளர்ந்திருந்தாள். "இப்ப அவன் மூஞ்சியைப் பாருங்க."

சீமாட்டி பார்த்தார். மூக்கில் சிவப்புப் பந்தோடு பையன் மரங்களைத் துரத்திக்கொண்டிருந்தான். கைக்குட்டையைத் தேடினார்.

மிஸ் வெர்னெட்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பதினெட்டாவது பிள்ளை மேதையாகவில்லை; தன்னைப் போலவே ஆகிவிட்டது! பெருமைப்படுவதா, முகாம்காரரிடம் மன்னிப்புக் கேட்பதா என்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோது, கெட்டூராவின் பார்வை அவர்மேல் வந்து நின்றது.

"மிஸ் வெர்னெட்டா, நீங்க ஏன் எதுலயும் சேரலை?"

"நானா? போடி. அம்பத்தெட்டு வயசு. எனக்கு என்ன வரும்? முடி பின்ன வரும்."

"உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

மிஸ் வெர்னெட்டா யோசித்தார். பதினெட்டுப் பிள்ளைகளுக்கு மனு எழுதிய கை அது. இந்தக் கேள்வியை அவரிடம் அம்மா கேட்கவில்லை, பள்ளிக்கூடம் கேட்கவில்லை, மறைந்த கணவர் கேட்கவில்லை. தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க மூச்சு விடாம பேசுறீங்க" என்றாள் கெட்டூரா, வைத்தியர் மாதிரி. "அவ்வளவு மூச்சும் வீணாப் போகுது. டிரம்பெட்." எங்கிருந்தோ ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் திணித்தாள். "ஊதுங்க."

"எனக்கு வராதுடி!"

"ஊதுங்க!"

ஊதினார். ஏரியில் இருந்த வாத்தெல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. ஆஷ்பி தெருவிலிருந்து வந்த பதினொரு பேரும் காதைப் பொத்தியபடி கை தட்ட முயன்றார்கள். மிஸ் வெர்னெட்டா டிரம்பெட்டை இறக்கினார், அதைப் பார்த்தார், வெட்கத்தோடு கேட்டார்: "இன்னொரு தடவை ஊதட்டுமா?"

இப்போது கடையில் ஒரு தலை முடிந்து அடுத்த தலை உட்காருவதற்குள் பத்து நிமிஷம் சாதகம் நடக்கிறது. செப்டம்பரில் நடக்கும் பெரியவர்களுக்கான ஒரு வார முகாமுக்கு மனு போய்விட்டது, எழுதியவள் கெட்டூரா. தெருக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். நேரில் ஒருவரும் குறை சொல்வதில்லை. சொல்லப் போனால் கெட்டூரா அவர்களையும் ஏற இறங்கப் பார்ப்பாளே!

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். இதைப் படிக்கும்போது உங்கள் அலுவலக லிஃப்டில் விசிலடிக்கிறவர், காய்கறிக்காரர், மைத்துனர் மகள் என்று யாராவது ஒருவர் முகம் மனசில் வந்து, "இவங்ககிட்ட என்னமோ இருக்கு" என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் தயவுசெய்து பேனாவைக் கீழே வையுங்கள்; மனுத்தாள் எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

தோன்றவில்லையா? அப்படியானால் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உங்களையே பார்த்துவிட்டு ஒருவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருக்கப் போகிறார்.